அக்காவின் இடது கால்

12 பிப்ரவரி 2024, திங்கள்

வினோதினியை டாக்டர் ஷகிலாவிடம் அழைத்துப் போனோம். நான், மனைவி வளர்மதி, மருமகன் ராஜ்மோகன். ஏழு வாரம் ஆகிறது. இது மூன்றாவது கர்ப்பம். முதலாவது 2019-இல், ஐந்தரை மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. இரண்டாவது 2021-இல், பதினோராம் வாரத்தில் கலைந்தது. இரண்டும் அவர்கள் சென்னையில் இருந்தபோது. இந்தத் தடவை பிரசவம் வரை மகள் திருச்சியில் எங்களோடு இருக்கட்டும் என்று முடிவு.

டாக்டர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, சொந்தத்தில் கல்யாணமா. பிறகு, "குடும்பத்துல யாருக்காவது கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கா? சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா? பிரசவத்தப்பவோ, அதுக்கு அப்புறமோ?" என்றார். வளர்மதி தன் பக்கத்தில் அப்படி யாருமில்லை என்றாள். நானும் இல்லை என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் வினோ, "ஏம்ப்பா, மரகதம் அத்தை?" என்றாள்.

"அது வேற விஷயம்மா. அது கேஸு."

மாலை மாநகராட்சிக் கூட்டம். பாதாளச் சாக்கடைப் பணி தாமதம் என்று உறுப்பினர்கள் வெளிநடப்பு. பத்திரிகைக்கு மூன்று பத்தி அனுப்பினேன்.

14 பிப்ரவரி, புதன்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். இடுப்பு வலி.

4 மார்ச், திங்கள்

ஸ்கேன். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 168. ராஜ்மோகன் அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். நாளை ஓசூருக்குத் திரும்புகிறான். இப்போது வேலை அங்கே.

டாக்டர் மெல்ல நடக்கச் சொன்னார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். வளர்மதி அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. நான் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "ரெண்ட எழந்துட்டு நிக்கிறோம். நடக்கச் சொல்றவங்க நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா வந்து தாங்கிப் பிடிக்கப்போறாங்களா?" என்றாள்.

19 ஏப்ரல், வெள்ளி

வாக்குப்பதிவு. ஆறு சாவடிகள் பார்த்தேன். கடும் வெயில். வினோ சக்கர நாற்காலியில் வந்தாவது ஓட்டுப் போடுவேன் என்று அடம்பிடித்தாள். வளர்மதி விடவில்லை. "உன் ஒரு ஓட்டுல ஆட்சி மாறிடாது, படு" என்றாள்.

9 மே, வியாழன்

காலை எட்டரை மணி. வினோ கட்டிலில் கால் நீட்டிச் சாய்ந்தபடி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கால் கொலுசு தளர்வாகக் கிடந்தது. இடது கால் கொலுசு சதையில் பதிந்திருந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "மூணு நாளா கொஞ்சம் கனமா இருக்குப்பா. படுத்தே கிடக்கறதாலதான். அஞ்சு மாசம்ல, வீங்கத்தான் செய்யும்னு அம்மா சொல்லுது."

வளர்மதி சமையலறையில் உப்பு வறுத்துக்கொண்டிருந்தாள். துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்க எடுத்து வந்தாள். "அவ காலத் தொடாத!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று வளர்மதி கேட்டாள். டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்றேன்.

ஒன்பதே காலுக்கு மருத்துவமனை. டாப்ளர் ஸ்கேன் எடுத்தவர் ஒரே இடத்தில் நெடுநேரம் கருவியை வைத்து அழுத்தினார். இடது தொடைச் சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறது. அது அங்கிருந்து நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் நிமிடக் கணக்கில் உயிர் போகும் என்று டாக்டர் எங்களை வெளியே அழைத்துச் சொன்னார்.

அப்போதுதான் சொன்னேன். "என் அக்காவுக்கு, குழந்தை பிறந்ததுக்கு அப்புறம், இதே மாதிரி இடது கால் வீங்குச்சு டாக்டர். ரெண்டு வாரத்துல இறந்துட்டாங்க."

"பிப்ரவரில கேட்டேனே சார்?"

வளர்மதி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதிது.

10 மே, வெள்ளி

உறைதலைத் தடுக்கும் ஊசி, காலை ஏழு, மாலை ஏழு. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். பிரசவத்துக்கு முதல் நாள் வரை. அதன் பின் குறைந்தது ஆறு வாரம். வளர்மதிக்குக் கை நடுங்குகிறது. நர்ஸிடம் நான் கற்றுக்கொண்டேன்.

இது வழிவழியாக வருவதா என்று பார்க்க வேண்டுமாம். இரத்தம் கண்டபடி உறையாமல் காக்கும் புரதம் எஸ் என்று ஒன்று உண்டாம். கர்ப்பத்தில் அது எல்லாப் பெண்களுக்கும் இயல்பாகவே குறையும்; அதனால் வினோவின் இரத்தத்தில் இப்போது பார்த்துப் பயனில்லை. எனக்கும் வளர்மதிக்கும் எடுத்தார்கள்.

18 மே, சனி

முடிவு வந்தது. வளர்மதிக்கு எல்லாம் சரி. எனக்குப் புரதம் எஸ் 26 சதவீதம். அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும்.

"உங்க வழியா வந்திருக்கு. உங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகாதது அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். முந்தைய இரண்டு இழப்பும் இதனால்தானா என்று வினோ கேட்டாள். "பதினோரு வாரத்துல கலைஞ்சதுக்கு இதுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. ஐந்தரை மாசத்துல போனது இதனால இருக்க வாய்ப்பு அதிகம். நஞ்சுக்கொடில ரத்தம் உறைஞ்சா குழந்தைக்கு எதுவும் போகாது." வினோ தலையை ஆட்டினாள். அவள் அழவில்லை.

நான் எழுந்தபோது டாக்டர் கேட்டார். "உங்க அக்காவோட குழந்தை?"

"பொண்ணு. இப்ப முப்பத்திமூணு வயசு இருக்கும்."

"இருக்கும்னா? உங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சு இல்லையா? அந்தப் பொண்ணுக்கும் இது இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு சார். அவங்களுக்குத் தெரியணும். நீங்கதான் சொல்லணும்."

21 மே, செவ்வாய்

அக்கா மகளைப் பார்க்கத் துறையூர் போகலாம் என்றிருந்தேன். வேட்பாளர் ஒருவரின் செய்தியாளர் சந்திப்பு வந்துவிட்டது.

24 மே, வெள்ளி

ஊசி போட்ட இடமெல்லாம் வினோவின் வயிற்றில் ஊதாத் திட்டுகள். வலது பக்கம் இடமில்லை என்று இன்று இடது பக்கம்.

26 மே, ஞாயிறு

மழை. துறையூர் போகவில்லை.

ஒரு செய்தியை எழுதுவது போல எழுதிப் பார்க்கிறேன்.

மரகதம், வயது 27. என் அக்கா. கணவர் பொன்னுரங்கம், துறையூரில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். 1991 மார்ச்சில் திருச்சியில் எங்கள் வீட்டில் இருந்தபோது தலைப்பிரசவம், பெண் குழந்தை. அம்மா அக்காவைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும் என்று நாளுக்கு இரண்டு டம்ளர் வெந்நீர்தான் கொடுத்தாள். தாகமாக இருக்கிறது என்று அக்கா என்னிடம் கேட்டாள். அம்மாவைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். பிறகு இடது கால் வீங்கியது. குளிர் இறங்கியிருக்கிறது என்று அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தேய்த்து நீவினாள்.

பொன்னுரங்கத்தின் தகப்பனார் படுத்த படுக்கையாக இருந்தார். பேத்தியின் பெயர் சூட்டலை அவர் பார்க்க வேண்டும் என்று வாடகைக் காரோடு வந்து அழைத்துப் போனார்கள். அக்காவைத் தாங்கிப் பிடித்து ஏற்றியவன் நான். இடது காலில் செருப்பு நுழையவில்லை. அதைப் பையில் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் ஆள் வந்தது. நாங்கள் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அம்மா புடவையை விலக்கிப் பார்த்தாள். இடது கால் தொடை வரை நீலம் பாரித்திருந்தது. "அடிச்சே கொன்னுட்டானே பாவி" என்று அலறினாள். நான் அப்போது துறையூர், முசிறி பகுதிகளுக்கு நிருபர். மாலைக்குள் செய்தி அனுப்பினேன். "குழந்தை பெற்ற இளம்பெண் மர்மச் சாவு. உடலில் காயங்கள். கணவர், மாமியாரிடம் விசாரணை." கால் முன்பே வீங்கியிருந்ததை எழுதவில்லை. கல்யாணமாகி இரண்டே வருடம் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. அங்கும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

பொன்னுரங்கமும் அவர் தாயாரும் 41 நாள் சிறையில் இருந்தார்கள். நான்கு மாதம் கழித்து இறுதி மருத்துவ அறிக்கை வந்தது. நுரையீரல் இரத்தக் குழாயில் உறைகட்டி, இயற்கை மரணம். வழக்கைக் கைவிட்டார்கள். காசு கொடுத்து எழுதி வாங்கிவிட்டான் என்று அம்மா சாகும்வரை சொன்னாள். வழக்கு கைவிடப்பட்டதைச் செய்தியாகத் தர வேண்டியவன் நான். தரவில்லை. வேறு நிருபர் அந்தப் பகுதியில் இல்லாததால் அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

யாரும் கேட்கவில்லை என்று மேலே எழுதியது தவறு. ஆர்.டி.ஓ. கேட்டார். "உங்க வீட்ல இருந்தப்ப நல்லாத்தான் இருந்தாங்களா?" ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

2 ஜூன், ஞாயிறு

காலை பேருந்தில் துறையூர் போனேன்.

கடை அதே தெருவில்தான் இருக்கிறது. அரை நாள் திறந்திருந்தார்கள். ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அக்காவின் நெற்றி, அக்காவின் புருவம்.

"மோட்டாரா, மிக்ஸியா சார்?"

பெயரைச் சொன்னேன். கை நின்றது. கம்பி அறுந்துவிடாமல் அதை ஆணியில் சுற்றி மாட்டிவிட்டு உள்ளே திரும்பி, "அப்பா, திருச்சிக்காரர் வந்திருக்காரு" என்றாள்.

பொன்னுரங்கம் வந்தார். வயது 66. கண்ணாடியின் ஒரு காதில் நூல் கட்டியிருந்தது. "வாங்க நிருபரே. என்ன, நோட்டு பேனா இல்லாம வந்திருக்கீங்க?"

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். என் இரத்தத்தில் குறைபாடு, என் மகளுக்குக் காலில் உறைகட்டி, அக்காவுக்கும் அதேதான் இருந்திருக்க வேண்டும், அக்கா மகள் ஹேமலதாவுக்கும் இருக்கலாம், சோதித்துக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தின் முகவரியை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அந்தத் தாளை நீட்டினேன். ஹேமலதா வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும் சார். ஏழு வருஷமா. என் பையன் பொறந்த ஒம்பதாம் நாள் எனக்கும் இடது கால் வீங்குச்சு. எல்லாரும் எண்ணெய் தேச்சா சரியாப் போயிரும்னாங்க. அப்பா, 'அவ கால்ல எவளாவது கை வச்சீங்க, வெட்டிப்புடுவேன்'னு சொல்லி என்னைத் தூக்கிட்டு ஓடினாரு. டாக்டர்கிட்ட, 'இவ அம்மா இப்படித்தான்யா செத்தா, கால மொதல்ல பாருங்க'ன்னு அழுதாரு. அன்னிக்கே ஊசி போட்டாங்க. அதான் உக்காந்து காயில் சுத்திட்டிருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். ஏழு வருடம். வினோ இழந்த இரண்டு குழந்தைகளும் அந்த ஏழு வருடத்துக்குள் அடக்கம்.

"தெரிஞ்சும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றேன்.

பொன்னுரங்கம் உள்ளே போய் ஒரு தபால் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதிவுத் தபால். என் பெயர், என் வீட்டு முகவரி. 2018 நவம்பர். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. குறுக்கே சிவப்பு மையில் தபால்காரரின் கையெழுத்து: "பெறுபவர் வாங்க மறுத்தார். அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வக்கீல் நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால் வாங்கக் கூடாது. அலுவலகத்துக்கு வரட்டும், நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். வேலையில் சேர்ந்த முதல் மாதமே இதைச் சொல்லித் தருவார்கள். பதிவுத் தபால் என்றால் நாங்கள் முதலில் பார்ப்பது அனுப்புநரின் ஊர். துறையூர் பொன்னுரங்கம் என்று இருந்ததைப் பார்த்தேன். பழைய வழக்கைக் கிளப்புகிறார் என்று நினைத்தேன். தபால்காரரிடம், "வேணாம், திருப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சவரத்தைத் தொடர்ந்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகைய ஒருத்தர் காட்டினாரு" என்றார். "இனி புள்ள பெறப் போவுது, சொல்லலன்னா அந்தப் பாவம் நமக்குத்தான்னு ஹேமா சொன்னா. எனக்கு இஷ்டமில்ல. அவதான் எழுதினா. பிரிச்சுப் படிங்க. இப்பவாவது."

பிரித்தேன். ஒரு பக்கம். மருத்துவப் பெயர்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரிகள்: "உங்கள் மகள் கர்ப்பம் தரிக்கும் முன் இந்தச் சோதனையை எடுத்துவிடவும். என் அம்மாவுக்கும் இதுதான். வேறு எதற்காகவும் எழுதவில்லை."

கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஹேமலதா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வீட்டுல நீங்களே சொல்லிருங்க" என்றார் பொன்னுரங்கம். "நாங்க சொல்ல மாட்டோம். உங்களப் பத்தி வெளில சொல்லிப் பழக்கம் இல்ல எங்களுக்கு."

கிளம்பும்போது ஹேமலதா வினோவின் எண்ணைக் கேட்டாள். ஊசி போடுவதில் சந்தேகம் இருந்தால் கேட்கட்டும் என்றாள்.

3 ஜூன், திங்கள்

ஹேமாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, நன்றாக இருக்கிறாள் என்று வீட்டில் சொன்னேன். கடிதம் பற்றிச் சொல்லவில்லை. இந்த நேரத்தில் வினோவுக்கு அதிர்ச்சி தரக் கூடாது.

4 ஜூன், செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை. காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை மையத்தில். மாலை ஊசியை வளர்மதி போட்டிருக்கிறாள். கை நடுங்கவில்லையாம்.

17 ஜூன், திங்கள்

வினோவும் ஹேமாவும் தினமும் பேசுகிறார்கள். ஊசி போடும் முன் ஐஸ் கட்டி வைத்தால் வலிக்காது என்று ஹேமா சொன்னாளாம். வினோ மூன்று வேளை வீட்டுக்குள் நடக்கிறாள். "அண்ணி சொல்லிச்சும்மா, படுத்தா காலு சண்டைக்கு வருமாம்" என்கிறாள். வளர்மதி இப்போது தடுப்பதில்லை. தண்ணீர்ச் செம்பை அவளே கொண்டுபோய் வைக்கிறாள்.

ஸ்கேன் நன்றாக இருக்கிறது. நஞ்சுக்கொடியில் இரத்த ஓட்டம் சரியாக உள்ளது.

1 ஜூலை, திங்கள்

ஐந்தரை மாதம் தாண்டி மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

11 ஜூலை, வியாழன்

காலை ஊசி போட்டு முடித்துப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். வினோ கூரையைப் பார்த்தபடி பேசினாள்.

"அப்பா, நேத்து கணக்குப் போட்டுப் பாத்தேன். அண்ணிக்கு 2017-லயே தெரிஞ்சிருக்கு. என் முதல் குழந்தை போனது 2019. ரெண்டு வருஷம் இருந்துச்சு. ஏன் நமக்குச் சொல்லல?"

பஞ்சை இன்னும் அழுத்தினேன்.

"நேரா கேக்க ஒரு மாதிரி இருக்கு. கேட்டா அண்ணி பேச்ச மாத்திடுது. அவங்க அப்பா ஜெயிலுக்குப் போனவரு. ஒரு வேளை அந்தக் கோவமாப்பா? நம்ம வீட்லயும் ஒண்ணு சாவட்டும்னு விட்டுட்டாங்களா?"

பஞ்சில் இரத்தம் நின்றுவிட்டிருந்தது. கையை எடுக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் போதும். அவள் அப்படியே நம்பிவிடுவாள். ஆர்.டி.ஓ.வும் அப்படித்தான் நம்பினார்.

"லெட்டர் போட்டாங்கம்மா. 2018-ல. உனக்குக் கல்யாணமான வருஷம். ரிஜிஸ்டர் தபால். நான் வாங்கல. வக்கீல் நோட்டீஸ்னு நெனச்சுத் திருப்பி அனுப்பிட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அன்னிக்கும் இல்ல. அத்தை கால் நம்ம வீட்லயேதான் வீங்குச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அஞ்சரை மாசம்ப்பா அது. ஆம்பளப் புள்ள. விரல் நகமெல்லாம் இருந்துச்சு. நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

பிறகு சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். "சாயந்திரத்துலேருந்து நானே போட்டுக்கறேன். நீங்க வராதீங்க" என்றாள்.

12 ஜூலை, வெள்ளி

வளர்மதி சாப்பாடு வைத்தாள். வைத்துவிட்டு வினோவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

29 ஜூலை, திங்கள்

ஆசிரியரிடம் தொலைபேசியில் பேசினேன். 1991 செய்திக்கு ஒரு திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். முதலில் சிரித்தார். விவரம் கேட்ட பிறகு சிரிப்பு நின்றது. "முப்பத்திமூணு வருஷத்துக்கு முந்தைய செய்திக்குத் திருத்தம் போட்டா, படிக்கறவங்களுக்கு எந்தச் செய்தின்னே தெரியாதே சார்? அதுக்காகப் பழைய செய்தியையும் சேர்த்துப் போட்டா அவர் பேரு இன்னொரு தடவை வரும். அவருக்கு அது வேணுமான்னு கேட்டீங்களா?"

பொன்னுரங்கத்துக்குப் பேசினேன். "யாருக்குத் தெரியணும்? அந்தப் பேப்பரப் படிச்சுட்டு எனக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னவங்க முக்கால்வாசிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க. எங்க அம்மாவும்தான்" என்றார். பிறகு, "உங்க பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

23 ஆகஸ்டு, வெள்ளி

35 வாரம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. எனக்கு இதையெல்லாம் வளர்மதி சொல்கிறாள். வினோ காய்கறிக் கடைக்காரரிடம் பேசுமளவுக்குக்கூட என்னிடம் பேசுவதில்லை. நான் மருத்துவமனைக்குப் போனால் வெளி நாற்காலியில் உட்கார்கிறேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

நாளை வலி வரவழைக்கிறார்கள். ஊசியை இன்று காலையோடு நிறுத்திவிட்டார்கள். போட்டால் பிரசவத்தில் இரத்தம் நிற்காது. போடாவிட்டால் உறையலாம். இந்த ஒரு நாள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம் என்றார் டாக்டர். ராஜ்மோகன் வந்துவிட்டான். இரத்த வங்கியில் இரண்டு யூனிட் சொல்லி வைத்தோம்.

16 செப்டம்பர், திங்கள்

மாலை 4.20. பெண் குழந்தை. 2 கிலோ 450 கிராம். தாயும் சேயும் நலம். இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை வெறும் இடநிரப்பாக எழுதியிருக்கிறேன்.

17 செப்டம்பர், செவ்வாய்

காலை ஏழு மணிக்கு ஊசியை மறுபடி தொடங்கினார்கள். பத்து மணிக்கு நடக்க வைத்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கழிப்பறை வரை போய்த் திரும்பினாள்.

18 செப்டம்பர், புதன்

பொன்னுரங்கமும் ஹேமாவும் வந்தார்கள். காலை பதினொன்றரை மணி. நான் வார்டு வாசலில் இருந்தேன். ஹேமா நேராக உள்ளே போய் வினோவின் போர்வையை விலக்கி இரண்டு காலையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைத் தொட்டாள். பொன்னுரங்கம் வாசலிலேயே தயங்கினார்.

உள்ளேயிருந்து வினோவின் குரல். "அப்பா, மாமாவுக்கு ஒரு சேர் போடுங்க."

போட்டேன். அவர் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். அடுத்த கட்டிலில் மருமகளைப் பார்த்துக்கொள்ள லால்குடியிலிருந்து வந்திருக்கும் அம்மாள் வெற்றிலை மென்றுகொண்டு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். "இவரு யாரு, சம்பந்தியா?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

"அக்கா வரலியா?"

"இல்லம்மா. இறந்துட்டாங்க. ரொம்ப வருஷமாச்சு. தலைப்பிரசவம் முடிஞ்சு ரெண்டு வாரத்துல."

"அடப்பாவமே. மாமியா வீட்ல சரியாப் பாத்துக்கலியோ?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பதுதான். வினோ, ஹேமா, வளர்மதி மூவரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பொன்னுரங்கம் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வீட்ல நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. எங்க வீட்லதான் தப்பு. கால் வீங்கினது தெரிஞ்சும் டாக்டர்கிட்ட காட்டாம அனுப்பிட்டோம். ரத்தம் கட்டி இருந்திருக்கு. போன மறுநாள் தூக்கத்துலயே இறந்துட்டாங்க. ஆனா நான்தான் இவரு அடிச்சுக் கொன்னுட்டாருன்னு பேப்பர்ல எழுதி, இவரையும் இவங்க அம்மாவையும் ஜெயிலுக்கு அனுப்பினேன்."

அந்த அம்மாள் மெல்வதை நிறுத்தினார்.

பொன்னுரங்கம் தலை நிமிராமல், "தூக்கத்துல இல்ல" என்றார்.

நான் அப்படித்தான் கேள்விப்பட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரிடம் கேள்விப்பட்டேன் என்று யோசித்தேன். யாரிடமும் இல்லை. அந்த அறையில் அக்காவோடு இருந்தவர் இவர் ஒருவர்தான். இவரை நான் கேட்டதே இல்லை.

"என்ன நடந்துச்சு மாமா?" என்றேன்.

குழந்தையின் காலைத் துணிக்குள் சரிசெய்தார். "காலைல ஆறே முக்கா இருக்கும். எந்திரிச்சு உக்காந்துட்டா. தாகமா இருக்குன்னா. செம்போட தண்ணி குடுத்தேன். அவ்வளவையும் குடிச்சா. அம்மா வீட்ல தரவே மாட்டேன்னுட்டாங்கன்னு சிரிச்சா. அப்புறம்..."

நிறுத்தினார். வினோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரை கேட்டேன்.